செங்கல், ஏஏசி, மைவான், பிரீகாஸ்ட், 3டி அச்சு: எந்தச் சுவர் யாருக்கு?

சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டிய பிறகு, "அண்ணே, இந்த ஜன்னலைக் கிழக்கே அரை அடி தள்ளிடலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். மேஸ்திரி முகம் சுளிப்பார். ஆனாலும் நாலு வரி செங்கல்லைப் பிரித்துத் தள்ளிக் கட்டிக் கொடுத்துவிடுவார். நம் ஊரில் வீடு கட்டிய எல்லாருக்கும் இப்படி ஒரு ஜன்னலோ கதவோ இருக்கும்.

கட்டுமானத்தில் புதிதாக வந்திருக்கும் முறைகளை ஒப்பிடுகிறவர்கள் வேகத்தையும் சதுர அடி விலையையும்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த அரை அடியை. எந்த முறையில் எந்தக் கட்டம் வரைக்கும் மனசு மாறலாம், மாறினால் என்ன செலவாகும் என்பது தெரிந்துவிட்டால் மீதிக் கணக்கு எளிது.

செங்கல்லில் கடைசி நாள் வரை மாறலாம். பூச்சு முடிந்த சுவரிலும் காடி வெட்டி பைப் பதிக்கலாம், பத்து வருடம் கழித்து ஒரு கதவு திறக்கலாம், மகன் கல்யாணத்துக்கு முன் மாடி எடுக்கலாம் (அஸ்திவாரமும் தூண்களும் அதற்குத் தயாராக இருந்தால்). இந்தச் சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை, தரம் முழுவதும் ஆளின் கையில் நிற்பது. தூக்குக்குண்டு பிடிப்பவரின் கண், கலவையில் சிமெண்ட் விழும் அளவு, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தாரா இல்லையா என்று எல்லாமே கை சார்ந்தவை. ஒவ்வொரு சூளைக்கும் வளமான மேல்மண் போகிறது என்பதும் உண்மை.

ஏஏசி பிளாக் என்ற இலேசான கான்கிரீட் கல் இதற்கு நெருங்கிய உறவு. சாம்பல் கலந்த கலவையில் கொஞ்சம் அலுமினியப் பொடி சேர்ப்பார்கள். அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகளை விடும், கலவை மாவு போல உப்பி எழும். பிறகு வெட்டி, அழுத்த நீராவியில் வேகவைத்தால் பிளாக் தயார். சுவீடனில் 1920களில் பிறந்த முறை. நம்மிடம் வெகு தாமதமாகத்தான் பரவியது. 600 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 200 மி.மீ. தடிமன் உள்ள பிளாக் காய்ந்த நிலையில் சுமார் 15 கிலோ. பத்துச் செங்கல்லுக்கும் மேலான இடத்தை அடைக்கும். 9 அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ வரும், 8 அங்குல ஏஏசி சுவர் 120, 130 கிலோவில் முடிந்துவிடும். மாடி கூடக் கூட இந்த வித்தியாசம் தூணின் கம்பியிலும் அஸ்திவாரத்திலும் மிச்சமாகத் திரும்பி வருகிறது. தனி வீட்டில் அந்த மிச்சம் சிறியது. ஐந்து மாடியில் பெரியது.

ஏஏசி சுவரில் விரிசல் விட்டுவிட்டது என்ற புகாரைத் தொடர்ந்து கேட்கிறேன். பெரும்பாலும் பிளாக்கின் குற்றம் இல்லை. செங்கல் கட்டிய பழக்கத்தில் அரை அங்குலக் கலவை வைத்துக் கட்டுகிறார்கள். இதற்கென வரும் பசையை 3 மி.மீ. கனத்துக்குப் பூசினால் போதும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் அந்தக் கோடு வழியாகவே விரிசல் ஓடும். சாதாரண ஆணியும் பிடிக்காது. டிவி, கீசர் மாட்ட, துளையிட்டுச் சுவருக்குள் செருகும் இதற்கான பிளக் வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் ஒரு நல்ல கொத்தனார் ஒரு வாரத்தில் இதற்குப் பழகிவிடுவார். அந்த ஒரு வாரத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

மைவானில் கணக்கே மாறுகிறது. மைவான் ஒரு நிறுவனத்தின் பெயர். கான்கிரீட் ஊற்றும் அச்சாக மாட்டும் அலுமினிய ஷட்டரிங் எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள். சுவருக்கும் மேல்தளத்துக்கும் சேர்த்து அலுமினியப் பலகைகளை மாட்டி, உள்ளே கம்பி, ஒயர் பைப், சுவிட்ச் பெட்டி எல்லாம் வைத்து, ஒரே மூச்சில் கான்கிரீட் ஊற்றுவார்கள். பழகிய குழு ஏழெட்டு நாளில் ஒரு தளத்தை முடித்துவிடும். சுவர் கண்ணாடி போல வரும், தடித்த பூச்சு தேவையில்லை, ஒரே பலகைத் தொகுதி இருநூறு முறைக்கு மேல் உழைக்கும். ஒரே அச்சில் நூறு வீடு கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முறை குறைவு.

ஆனால் இங்கே அந்த அரை அடி கிடையாது. கான்கிரீட் விழுந்த மணி நேரத்தோடு முடிவு எழுதப்பட்டுவிட்டது. சுவரே பாரம் தாங்குவதால் உடைப்பது கட்டிடத்தையே பாதிக்கும். நானே பார்த்த ஓர் அடுக்ககத்தில், படுக்கையறை ஏசிக்கான பாயிண்ட் கட்டில் தலைமாட்டுக்கு நேர் மேலே விழுந்திருந்தது. வரைபடத்தில் ஒருவர் செய்த தவறு, அடுக்கின் எல்லா வீட்டிலும் அச்சுப் பிசகாமல் பதிந்துவிட்டது. குடிவந்தவர்கள் சுவருக்கு வெளியில் ஒயரை மூடும் கேசிங் ஓட்டிச் சமாளிக்கிறார்கள். கான்கிரீட் சுவர் வெயிலை வாங்கி இரவெல்லாம் விடும் சங்கதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; சென்னை மே மாதத்தில் மேற்குச் சுவரில் கை வைத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முன்பே வார்த்த கான்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பிரீகாஸ்ட்டுக்குச் சென்னையிலேயே நல்ல உதாரணம் உண்டு. மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் நாட்டின் ஆறு நகரங்களுக்கு ஆறு விதமான தொழில்நுட்பங்களைக் கொடுத்தார்கள். சென்னைக்குக் கிடைத்தது பிரீகாஸ்ட். பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள். 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல், 2022 மே 26 அன்று திறப்பு. நடுவில் கொரோனா இரண்டாம் அலையும் இருந்தது. தூணும் உத்தரமும் பலகையும் வேறிடத்தில் வார்க்கப்பட்டு கிரேனில் ஏறிச் சேர்வதால் மழைக்காலம் வேலையை அவ்வளவாக நிறுத்துவதில்லை. துண்டுகளின் தரம் சைட்டில் வார்ப்பதைவிடச் சீராக இருக்கும்.

பயம் முழுவதும் இணைப்புகளில். லண்டனின் ரோனன் பாயிண்ட் 22 மாடிக் கட்டிடம், பலகைகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 காலை, 18ஆம் மாடி வீடொன்றில் எரிவாயு வெடித்து ஒரு சுவர்ப் பலகை வெளியே போனது. மேலிருந்த மாடிகள் தாங்கலில்லாமல் விழ, அந்த மூலை முழுவதும் அடி வரை சரிந்தது. நால்வர் இறந்தார்கள். கட்டிடம் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதன் பிறகுதான் பிரிட்டனில் விதிகள் திருத்தப்பட்டன. இன்றைய இணைப்புகள் அதிலிருந்து கற்றவை என்றாலும், இணைப்புகளுக்குள் ஊற்றும் கிரவுட் என்ற கலவை முழுதாக நிரம்பியதா என்பதைப் பூச்சுக்குப் பிறகு கண்ணால் பார்க்க முடியாது. நிரப்பும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்க்கும் இன்ஜினியர் இல்லாத இடத்தில் நான் பிரீகாஸ்ட்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இயந்திரக் குழாய் முனையிலிருந்து கலவையை வரிவரியாகப் பிதுக்கிச் சுவர் எழுப்பும் 3டி அச்சு பற்றிப் பெரிதாகப் பேசப்படுகிறது. சென்னை ஐஐடி வளாகத்தில் 2021இல் 600 சதுர அடி வீடு ஒன்று திறக்கப்பட்டது. பெங்களூரு அல்சூரில் 1,021 சதுர அடித் தபால் நிலையம் 43 நாட்களில் எழும்பி 2023இல் திறக்கப்பட்டது. வளைந்த சுவருக்குத் தனிச் செலவில்லை என்பது இதன் அழகு. ஆனால் குழாய் முனையில் முக்கால் அங்குல ஜல்லி போகாது. ஜல்லி குறைந்தால் சிமெண்ட் கூடும். அஸ்திவாரம், ஒயரிங், கதவு, ஜன்னலுக்கு இன்னும் ஆட்களே வர வேண்டும். தனி வீட்டுக்காரர் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வேகம் கூடும் இடத்தில் யாருடைய வேலை போகிறது என்பதை இந்த ஒப்பீட்டில் விட்டுவிட முடியாது. செங்கல் சைட்டில் கலவை சுமக்கும் சித்தாள்களில் பெரும்பாலோர் பெண்கள். இருபது வருடம் சுமந்தாலும் கரணை கைக்கு வராது, சித்தாளாகவே ஓய்வார்கள். நான் போகும் மைவான் சைட்டுகளில் அவர்களைப் பார்ப்பதே அரிது. தலைச்சுமை ஒழிவது நல்லது. ஆனால் ஏஏசி பசை பூசவும், இணைப்பு நிரம்பியதா எனச் சோதிக்கவும் அந்தப் பெண்களுக்கு யாராவது பயிற்சி கொடுத்தால் என்ன? 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிற மாநிலத்தில் இது நடக்கக்கூடிய காரியம்தான்.

சொந்த மனையில், பின்னாளில் மாடி எடுக்கும் எண்ணத்தோடு கட்டுகிறவருக்கு என் சிபாரிசு தூண், உத்தரம் போட்டு உள்ளே ஏஏசி. பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டால் யோசிக்காமல் செங்கல். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி வீடு கட்டும் வீட்டுவசதி வாரியத்துக்கு மைவானோ பிரீகாஸ்ட்டோ. மைவான் அடுக்ககத்தில் வீடு வாங்குகிறவர்கள், உங்கள் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் முன்பே ஒயரிங் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கட்டில், பீரோ, ஏசி எங்கே என்று பென்சிலில் போட்டுப் பாருங்கள். ஊற்றிய பிறகு வாங்குவதானால், சாவியோடு பைப், ஒயர் ஓடும் வரைபடத்தையும் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.