கால் ஆர்மோனியத்தை இடம் மாற்றிக் கொடுத்த மதுரைப் பட்டறை

தங்கச்சிமடத்துப் பழைய மாதா கோயிலில் கிடந்த, காலால் மிதித்து வாசிக்கும் கால் ஆர்மோனியத்தை மண்டபம் ஊருக்கு மாற்ற மதுரையிலிருந்து ஒரு பட்டறைக்காரரை வரவழைத்தோம். வேலை சுத்தம், தாராளமாகக் கூப்பிடலாம்.

வந்த உடனே வண்டியில் ஏற்றிவிடவில்லை. பின்பலகையைக் கழற்றி, காற்றில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளை ரீடுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் உருவி, எந்தக் கட்டைக்கு எது என்று பென்சிலால் எண் போட்ட அட்டையில் வரிசையாகச் செருகினார். நம்ம கடற்கரை உப்புக்காற்றில் ரீடெல்லாம் பச்சை பூத்திருந்தது. மென்மையான தூரிகையால்தான் துடைத்தார், உப்புத்தாளைக் கிட்டேயே கொண்டுவரவில்லை. ஏனென்றால் ரீடில் அதிரும் நாக்கின் நுனியில் கொஞ்சம் சுரண்டினாலே சுருதி ஏறிவிடும், அடியில் சுரண்டினால் இறங்கிவிடும். துருத்தித் துணி மட்டும் புதுசு. கரையான் அரித்த பலகையை மாற்றியபோதும் பழைய மரத்தை எங்களிடமே கொடுத்தார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமே, பெட்டியை நிமிர்த்தியே வைத்து, மிதிகளைக் கட்டி, தார்ப்பாய் சுற்றி மெதுவாகவே ஓட்டினார்கள். குழாய் ஆர்கன் என்றால் குழாய்கள், காற்றுப்பெட்டி என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றிச் சுமக்க வேண்டும், அதற்குத் தன்னிடம் ஆள் இல்லை என்று நேராகவே சொன்னார்.

குறை என்றால், சொன்ன தேதிக்கு வரவில்லை, போனும் லேசில் எடுப்பதில்லை. அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே பேசி வையுங்கள். ஈரத்தில் மரம் ஊதினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும்.