மெக்ரிச்சி காட்டுப் பாதை: பாலத்தைவிடக் கரையோரம் நன்று

சிங்கப்பூருக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், லிட்டில் இந்தியாவும் செந்தோசாவும் பார்த்து முடித்த மூன்றாம் நாள், "இங்கே காடு ஏதும் இல்லையா?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் தவறாமல் எழும். பல ஆண்டுகளாக அதற்கு நான் கொடுத்துவரும் விடை மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செல்லும் காட்டுப் பாதைதான். கால்டிகாட் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் பூங்கா வந்துவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆயினும் இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறான காரணத்துக்காக வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

அவர்கள் வருவது 'ட்ரீடாப் வாக்' எனப்படும் தொங்குபாலத்துக்காக. 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாலம், புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்னும் இரண்டு மேடுகளை இணைத்து 250 மீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. மிக உயரமான இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் மேலே நிற்கிறோம். மரங்களின் தலைகளை மேலிருந்து பார்ப்பதும், தொலைவில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கம் ஒரு வெள்ளிக் கீற்றாகத் தெரிவதும் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலம் குறுகலானது, ஒருவழிப் பாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் முன்னால் நிற்பவரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே அந்த 250 மீட்டரையும் கடக்க நேரும். அவர் படம் எடுக்க நின்றால் நாமும் நிற்க வேண்டும். கடந்து முடித்ததும் திரும்பி வர இயலாது; பெட்டாலிங் பாதையின் மரப்படிகளில் இறங்கியும் ஏறியும்தான் வனக்காவலர் நிலையத்துக்கு மீண்டு வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தப் படிகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

பாலத்துக்குப் பொது விடுமுறையாக அமையாத திங்கட்கிழமைகளில் விடுமுறை என்பதை நான் பாடமாகக் கற்றது தஞ்சாவூரிலிருந்து வந்த மாமாவுடன் போன அன்று. கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நடத்தி அழைத்துச் சென்ற பிறகு பூட்டிய கதவின் முன்னால் நின்றோம். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, "ஏன் மாப்பிள்ளை, மரத்துக்குக்கூடவா இங்கே வார லீவு?" என்று கேட்டார். பிழை முழுக்க என்னுடையது. இடியும் மழையும் வந்தாலும் பாலத்தை மூடிவிடுவார்கள். இங்கே பிற்பகல் மழைக்கு முன்னறிவிப்பு வேண்டியதில்லை என்பதால், காலையிலேயே போய்விடுவது அறிவுடைமை.

நான் போகச் சொல்வது கரையோரப் பலகைப் பாதைக்கு. பூங்காவிலிருந்து நீரை ஒட்டியே செல்லும் செம்பெராய், ஜெரிங் பாதைகளில் பெரும்பகுதி தரைக்குச் சற்று மேலே பலகை பாவிய நடைபாதை. ஒருபுறம் வேர்கள் நீருக்குள் இறங்கிக் கிடக்கும், மறுபுறம் காடு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்பு போனால் துடுப்புவால் கரிச்சானின் குரலைக் கேட்கலாம். வாலின் இரு நீண்ட கம்பிகளின் நுனியில் துடுப்புப் போன்ற இறகு அசைய, அது பறப்பதைப் பார்த்தால் இரண்டு வண்டுகள் அதைத் துரத்திக்கொண்டு போவதுபோல் இருக்கும். சென்ற முறை ஒரு மரத்தண்டில் பாசி பிடித்த பட்டை சற்றே தடித்திருப்பதாக நினைத்துக் கடந்துபோக இருந்தேன். உடன் வந்த பெரியவர் தோளைத் தொட்டு நிறுத்திய பிறகுதான், அந்தப் பட்டைக்குக் கண் இருப்பது தெரிந்தது. அது கொலுகோ. பறக்கும் லீமர் என்று சொல்வார்கள், ஆனால் அது லீமரும் இல்லை, பறப்பதும் இல்லை; கைகால்களுக்கு இடையே உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும். பகலில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் தொழில். நாங்கள் பத்து நிமிடம் நின்றோம். அது ஒருமுறை கண்ணிமைத்தது.

பாதைகளில் பலவற்றுக்கு மரங்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். பெட்டாய் என்றால் சம்பாலில் சமைத்து உண்ணும் அந்த வாடை மிகுந்த அவரை, சிங்கப்பூர்த் தமிழருக்கு அறிமுகம் தேவையில்லை. ஜெலுத்தோங் மரத்தின் பாலைக் கொண்டு ஒருகாலத்தில் சூயிங்கம் செய்தார்கள். 1992 முதல் சூயிங்கம் விற்பனையைத் தடைசெய்த நாட்டில் அந்த மரத்தின் பெயரால் இக்காட்டில் ஒரு பார்வைக் கோபுரமே நிற்பது வேடிக்கைதான். வழியில் பழைய தோட்டங்களின் மிச்சமாக ரப்பர் மரங்களும் உண்டு. புள்ளிப் புள்ளியாகப் பழுப்பு நிறத்தில் கிடக்கும் கொட்டையை எடுத்து, ஜொகூர்த் தோட்டத்தில் வளர்ந்த என் தாத்தா செய்வதைப்போலச் சிமெண்டில் பரபரவென்று தேய்த்து, சூட்டோடு மகனின் கையில் வைத்தேன். அவன் அலறியதில் எனக்கு மிகுந்த மனநிறைவு.

இவ்வளவு காடு நகரின் நடுவே மிஞ்சியதற்குக் காரணம் குடிநீர். 1868இல் கட்டி முடிக்கப்பட்ட இந்நீர்த்தேக்கமே சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம். 1890களில் அதை விரிவுபடுத்திய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சியின் பெயர் 1922இல் சூட்டப்பட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டியிருந்ததால், சுற்றிலும் மரம் வெட்டவும், மிளகும் தோல் பதனிடப் பயன்படும் காம்பியர் செடியும் பயிரிடவும் விடாமல் தடுத்தார்கள். அப்படி மீண்டும் வளர்ந்த காட்டுக்கிடையே ஆதிக்காட்டின் துண்டுகளும் எஞ்சியுள்ளன.

குரங்குகளைப் பற்றி ஒரு சொல். நீண்டவால் குரங்குகள் கூட்டம் கூட்டமாகப் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் அதில் உணவு உண்டு என்பது அவற்றின் முடிவு, அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. நான்கு கறிபாப் (மசாலா வைத்துப் பொரித்த பலகாரம்) இருந்த பையை நான் ஒரு தாய்க்குரங்கிடம் இழந்திருக்கிறேன். அவள் பல்லைக் காட்டியதும் பையைக் கைவிட்டேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உணவை முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிட்டால் அவை ஏறிட்டும் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே உணவளிப்பது சட்டப்படி குற்றம், அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) போகும்.

முழுச் சுற்றும் சுமார் 11 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவருக்கு நான்கு மணி நேரம் ஆகும். குடிநீரும் கழிப்பறையும் தொடக்கத்திலும் வனக்காவலர் நிலையத்திலும்தான் உண்டு என்பதால், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது சுமந்து செல்ல வேண்டும். நிழல் இருந்தாலும் காற்றில்லாத ஈரப்புழுக்கம் சட்டையைப் பிழிய வைக்கும். உட்புறப் பாதை மண்ணும் வேரும் கலந்தது, மழை பெய்த மறுநாள் வழுக்கும். செருப்பில் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் பதற்றமாக இருக்கும். ஜெலுத்தோங் கோபுரத்தில் ஏறினால் கூட்டமில்லாமல் மரமுகடுகளைக் காணலாம். பாலத்தில் தள்ளுமுள்ளுப் படுவதற்கு இது எவ்வளவோ மேல். கடைசிப் பகுதியான லோர்னி பாதைதான் ஏமாற்றம். ஒருபக்கம் நீர் இருந்தும், மறுபக்கம் லோர்னி சாலையின் வண்டிச் சத்தம் ஓயாது. நேரம் குறைவாக இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

குழந்தைகளுடனோ முதியவர்களுடனோ செல்பவர்கள் ஜெரிங் பாதையின் முடிவுவரை போய், வந்த வழியே திரும்பிவிடட்டும். இரண்டு மணி நேரம் போதும். அடுத்த முறை மாமா வந்தபோது அப்படித்தான் செய்தோம். நீரோரத்தில் பாறைமேல் படுத்திருந்த உடும்பைப் பார்த்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார், பாலம் திறந்திருக்கிறதா என்று கேட்கவே இல்லை.