மண்டியில் வேலை, ரேஷனில் அரிசி: எங்கள் தெரு நியாயவிலைக் கடை பற்றி

முதலில் அரிசியைச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடை என்றாலே எல்லாரும் கேட்பது "இந்த மாசம் அரிசி எப்படி?" என்பதுதான்.

இந்த மாதம் வந்த புழுங்கல் நல்ல அரிசி. குண்டு ரகம். நிறம் கொஞ்சம் மங்கல், ஆனால் குருணை குறைவு, கல் இல்லை. மழைக்காலத்தில் வந்த சரக்கு அப்படி இல்லை. மூட்டையைப் பிரித்ததுமே ஈர நெல்லை அவசரமாக அவித்த வாடை அடித்தது, பழுப்பு அரிசியும் கறுப்பு அரிசியும் முறத்தில் போட்டுப் பொறுக்கும் அளவுக்கு இருந்தன. நான் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மாதிரி அரிசியை உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்து, இரண்டு மணியைக் கடித்து விலை பேசுகிறவர்களுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் அரிசியைப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடுவேன். மண்டியில் வேலை பார்த்தாலும் வீட்டுக்கு அரிசி வருவது வைகைக்கு வடகரையில் எங்கள் தெருமுனை நியாயவிலைக் கடையிலிருந்துதான்.

இட்லிக்கு இதைவிட நல்ல அரிசி வேண்டாம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். முதல் இரண்டு தண்ணீரை வெதுவெதுப்பாக, கல்லுப்புப் போட்டுக் கழுவினால் வாடை போய்விடும். ஊறும்போது சில அரிசி மேலே மிதக்கும். அதைப் பார்த்து "பிளாஸ்டிக் அரிசி" என்று தெருவில் பயந்தவர்கள் உண்டு. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். பொறுக்கிப் போட்டுவிடாதீர்கள், சத்தே அதில்தான் இருக்கிறது. சோற்றுக்கு என்றால் குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். அகலப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, கஞ்சியை வடித்தால் மீன் குழம்புக்கு ஏற்ற சோறு கிடைக்கும். பச்சரிசி மாவுக்கும் பொங்கலுக்கும் போதும், புட்டுக்கு அவ்வளவு சரியில்லை.

விலை? அரிசிக்கு விலை இல்லை. 2011 ஜூன் முதல் தேதியிலிருந்து அப்படித்தான். அதற்கு முன் 2008-இலிருந்து கிலோ ஒரு ரூபாய், 2006-இல் இரண்டு ரூபாய். எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் 35 கிலோ. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். இதே தரத்துக்குப் பக்கத்தில் வரும் குண்டு அரிசி எங்கள் மண்டியில் கிலோ 40 ரூபாயை ஒட்டிப் போகிறது. ஆக அரிசியில் மட்டும் 800 ரூபாய். பருப்பையும் எண்ணெயையும் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு மாதம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் மிச்சம். அப்பளம் போடும் வீட்டிலும் பூக்கட்டும் வீட்டிலும் அந்த ஆயிரம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த ஆயிரத்தோடு கணக்கை முடித்துவிட்டால் இந்தக் கடையின் பாதி மதிப்பு விட்டுப்போகும். மண்டிக்கு வரும் பெரிய பண்ணைக்காரர்களும் ஆலைக்காரர்களும் டீ குடித்துக்கொண்டே ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "ஓசி அரிசியைக் கொடுத்துக் கெடுத்துட்டாங்கப்பா. எவனும் வேலைக்கு வரமாட்டேங்கிறான்." நான் எதிரில் உட்கார்ந்து பேரேட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். அவர்கள் கண்டது சரி. பழைய கூலிக்கு ஆள் வருவதில்லை. ஆனால் அதைக் கெட்டுப்போவது என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அம்மாவுக்கு மேலூர் பக்கம். பெரியாறு அணைத் தண்ணீர் 1895-இலிருந்து அந்த வயல்களுக்கு வருகிறது. நெல்லுக்குக் குறைவில்லாத ஊர். ஆனாலும் நடவு முடிந்து அறுப்பு வரும்வரை உள்ள மாதங்களில் கூலிக்காரர் வீட்டில் நெல் இருக்காது. நிலக்காரர் வீட்டுக் குதிரில் இருக்கும். ஒரு மூட்டை கடன் வாங்கினால் அறுப்பில் ஒன்றரை மூட்டையாகக் கொடுக்க வேண்டும். அதுமட்டும் இல்லை, அறுப்பு வரும்போது முதலில் அவர் வயலில்தான் இறங்க வேண்டும், அதுவும் போன வருடக் கூலிக்கு. பக்கத்து வயல்காரர் கூடக் கொடுக்கிறேன் என்றாலும் போக முடியாது. நெல் விளைந்த ஊரில் நெல் வாங்க வழியில்லாமல்தான் பசி இருந்தது. கடன் வாங்கிய நெல்லைத் தின்றவளுக்குக் கூலி பேச வாயே கிடையாது என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

இப்போது அதே ஊரில் சித்தி நடவுக்குப் போகிறார். வீட்டில் 20 கிலோ அரிசி இருக்கிறது. "இந்தக் கூலிக்கு வரமாட்டோம்த்தா, கூட்டிக் கொடுத்தா வாரோம்" என்று பெண்கள் கும்பலாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு வாரம் வேலை இல்லாவிட்டாலும் உலை கொதிக்கும் என்ற தைரியம்தான் அந்தப் பேச்சு. வறுமை என்று பேசும்போது எத்தனை கலோரி, எத்தனை ரூபாய் என்று எண்ணுகிறார்கள். பேரம் பேசும் இடத்தில் யார் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதை யாரும் எண்ணுவதில்லை. பணக்காரர் எப்போதும் காத்திருக்கலாம். எங்கள் சித்தியும் ஒரு வாரம் காத்திருக்க முடிகிறது என்பதைத்தான் நான் இந்தக் கடையின் முதல் சேவையாக வைப்பேன்.

சரி, கடைக்குள் போவோம். இரண்டு அறை. முன்னறையில் விற்பனையாளர் அக்கா, கைரேகைக் கருவி, மின்தராசு. பின்னறையில் மூட்டைகள். பொருளை நிறுத்துப் போட்டுக் கொடுக்கக் கட்டுநர் என்று ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் பல நாள் யாரும் இருப்பதில்லை. அக்காவே ரேகை வாங்கி, பில் போட்டு, எழுந்து போய் அரிசி அள்ளி, நிறுத்து, பையில் கொட்டி, திரும்ப வந்து உட்கார வேண்டும். தராசைக் கருவியோடு இணைத்த பிறகு எடை குறைகிறது என்ற சண்டை எங்கள் வரிசையில் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதே சமயம் ஒவ்வொருவருக்கும் நேரம் கூடுதலாக ஆகிறது. எங்களுக்குச் சரியாக நிறுக்கச் சொல்லும் முறை, கிடங்கிலிருந்து கடைக்கு வரும் மூட்டைக்கும் அதே கறாரோடு இருக்க வேண்டும். மூட்டையில் ஒரு கிலோ குறைந்து வந்தால் அந்தக் குறை வரிசையில் கடைசியாக நிற்பவர் தலையிலோ அக்காவின் சம்பளத்திலோதான் விடியும்.

கைரேகைதான் எனக்குப் பெரிய வருத்தம். எங்கள் தெருவில் பூக்கட்டும் ஒரு அப்பத்தா இருக்கிறார். வாழைநாரை ஈரத்தோடு இழுத்து இழுத்து அவர் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வழவழவென்று ஆகிவிட்டன. கருவியில் வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தால் சிவப்பு. தலையில் தேய்த்து லேசாக எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தால் சில சமயம் பச்சை. பாத்திரம் தேய்க்கிறவர், சுண்ணாம்பு அடிக்கிறவர், கொத்து வேலைக்காரர், எல்லாருக்கும் இதே கதை. உழைத்துத் தேய்ந்த விரலைத்தான் கருவி முதலில் நிராகரிக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் என் விரல் ஒரே தடவையில் ஏறிவிடும். எங்கள் அக்கா மனசுக்காரர், கைபேசிக்கு வரும் எண்ணைக் கேட்டு, அதுவும் இல்லையென்றால் வேறு வழி பார்த்து அரிசியைப் போட்டுவிடுகிறார். ஒருவருடைய நல்ல மனசை நம்பி இந்த ஏற்பாடு ஓடக் கூடாது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து, 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது பெரிய ஆறுதல்.

இன்னொரு குறை, வாங்காத பொருளுக்கு வரும் குறுஞ்செய்தி. ஒரு மாதம் பாமாயில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், மாலையில் பாமாயில் வாங்கியதாகக் கைபேசியில் பில் வந்தது. புகார் செய்தேன், அடுத்த வாரம் எண்ணெய் கிடைத்தது. அந்த எண்ணெய் ஒரு லிட்டர்தான், ஆனால் இப்படி ஒரு தெருவில் எத்தனை லிட்டர் என்று யோசியுங்கள். செய்தி வந்தால் படிக்காமல் அழிக்காதீர்கள்.

அரிசியை விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைக்கிளில் வந்து கிலோவுக்குச் சில்லறைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள், அது மாவாகவும் கோழித் தீவனமாகவும் எல்லை தாண்டியும் போகிறது. இதைக் காட்டி "பார், தேவையில்லாதவனுக்குக் கொடுக்கிறார்கள்" என்பார்கள். எங்கள் தெருவில் விற்ற ஒரு வீட்டை எனக்குத் தெரியும். வாரத் தவணைக் கடன்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வீட்டில் இருந்த ஒரே சரக்கு அரிசி. விற்றது தேவை இல்லாமல் அல்ல. அரிசியைவிட அவசரமான ஒரு கடன் வாசலில் இருந்தது. கடத்தலைப் பிடிக்கட்டும், லாரிக்காரரையும் ஆலைக்காரரையும் பிடிக்கட்டும்.

"ஏழைக்கு மட்டும் கொடு, மிச்சப் பணத்தில் நல்ல அரிசியாகக் கொடு" என்பது மண்டியில் நான் கேட்கும் இன்னொரு யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டையைப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாருக்குமாக வைத்துக்கொண்டது. அந்தக் கோடு எவ்வளவு கீழே கிடந்தது என்பது 2011-இல் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது தெரிந்தது: நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். மல்லிகை கிலோ ஆயிரத்தைத் தாண்டும் மார்கழி, தை மாதத்தில் எங்கள் பூக்கட்டும் அப்பத்தா கோட்டுக்கு மேலே இருப்பார், பூ மலிந்து கூலியும் படுத்த மாதத்தில் கீழே இருப்பார். எந்த மாதத்தில் வந்து கணக்கெடுப்பார்கள்?

தமிழ்நாட்டிலும் ஒரு தடவை பிரித்துப் பார்த்தார்கள். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் என்றால் அட்டையில் 'எச்' முத்திரை, அரிசி கிடையாது. 2004 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி தோற்றது, அந்த மே மாதமே முத்திரை போய்விட்டது. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று 1967-இல் அரிசியைச் சொல்லி ஆட்சி மாறிய மாநிலம் இது. அரசியல்வாதிகளின் கருணையால் மட்டும் இந்தக் கடை நிற்கவில்லை, ஓட்டுப் பயத்தாலும் நிற்கிறது. பயம் இருப்பது நல்லதுதான்.

இலங்கையைப் பாருங்கள். 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால், நாடே நின்றது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். ஏனென்றால் அன்றைக்கு அந்த அரிசி குமாஸ்தா வீட்டிலும் வெந்தது, கூலி வீட்டிலும் வெந்தது. 1979-இல் பங்கீட்டை எடுத்துவிட்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் உணவு முத்திரை, அதாவது கடையில் பொருள் வாங்கக் காசுக்குப் பதில் கொடுக்கும் சீட்டு, என்று மாற்றினார்கள். முத்திரையின் மதிப்பை விலைவாசியோடு சேர்த்து ஏற்றவில்லை. சில வருடங்களிலேயே அதன் வாங்கும் சக்தி பாதியாகத் தேய்ந்தது. இந்தத் தடவை நாடு நிற்கவில்லை. குரல் உள்ளவர்களை வரிசையிலிருந்து முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள்.

எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிற்பார். மழைக்காலத்தில் அந்தப் பழுப்பு அரிசி வந்தபோது ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு எடுத்துப்போனது அவர்தான். அந்த லாட்டில் மிச்சம் இருந்த மூட்டைகள் திரும்பிப் போயின, வேறு அரிசி வந்தது. அவருக்கு ஓய்வூதியம் உண்டு, அந்த அரிசி இல்லாமலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் அவர் எங்களோடு நின்றதால் அப்பத்தாவுக்கும் நல்ல அரிசி கிடைத்தது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பரில் சேர்ந்தபோதும், அந்தச் சட்டக் கணக்கில் வரும் 3.64 கோடிப் பேருக்கு வெளியே இருந்தவர்களின் அரிசியை மாநிலம் தன் செலவில் தொடர்ந்தது. ஆசிரியரைப் போன்றவர்கள் இன்னும் வரிசையில் இருப்பது அதனால்தான்.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் அரிசிக்கு ஐந்துக்கு மூன்றரை, விற்பனையாளர் அக்காவுக்கு ஐந்து, கைரேகைக் கருவிக்கு இரண்டு. அரிசி அட்டை வைத்துக்கொண்டு கடைப் பக்கமே வராதவர்கள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை வாருங்கள், பருப்பாவது வாங்குங்கள், அரிசியைக் கையில் எடுத்துப் பாருங்கள், சரியில்லை என்றால் 1967 என்ற புகார் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாத முதல் வாரத்தில் நீங்கள் வந்தால் பருப்பும் பாமாயிலும் பெரும்பாலும் கிடைக்கும். காலையில் கூட்டம் அதிகம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை திறக்கும் நேரத்தில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பை நீங்களே கொண்டு வர வேண்டும்.