கொழும்பில யூஸ்ட் விஜிஏ (கொம்பியூட்டரில கேம் ஓட வேணுமான கிரபிக்ஸ் கார்ட்) வாங்கப் போறீங்களெண்டா முதல் இதை வாசியுங்கோ

ரெண்டு கிழமையா மனசுக்குள்ள வச்சுப் புழுங்கிக்கொண்டிருந்தன், இனி இன்னொருத்தரும் இப்பிடி ஏமாறக்கூடாதெண்டுதான் எழுதுறன்.

தம்பிட கொம்பியூட்டர் மெசின் றைசன் 5 2600 சிபியு, பி450 போர்ட், 16 ஜிபி ராம். அதெல்லாம் இன்னும் நல்லா ஓடுது, குறை எண்டா பழைய ஜிரி 1030 விஜிஏ மட்டும்தான். ஏ.எல் எழுதி முடிச்சிட்டு நிக்கிறான், படிக்கிற காலத்தில ஒண்டும் கேட்காத பிள்ளை, அதால 45,000 ரூவா சேர்த்து வச்சிருந்தன். யுனிட்டி பிளாசாவில நாலைஞ்சு கடை ஏறி இறங்கினம், நாங்கள் நினைச்ச புதுக் கார்ட் ஒண்டும் அந்தக் காசுக்கு வரேல்ல. பேந்து ஒன்லைன் விளம்பரம் ஒண்டைப் பாத்திட்டு பம்பலப்பிட்டிப் பக்கம் வேறொரு கடைக்குப் போனம்.

"ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, வீட்டில கேம் விளையாடின கார்ட் தம்பி, மைனிங் ஒண்டும் இல்லை" எண்டார் கடைக்காரர். மைனிங் எண்டா கிரிப்டோ காசு எடுக்கிறதுக்கு கார்ட்டை இரவு பகலா ஓட்டுறது. விலை 33,000. உங்கட பவர் சப்ளை இதைத் தாங்காது, 750 வோட்ஸ் ஒண்டு 7,500க்குத் தாறன் எண்டும் சொன்னார். பழைய சப்ளை தாங்காது எண்டது உண்மை, ஜிரி 1030க்கு தனி பவர் வயரே தேவையில்லை, 580க்குக் கட்டாயம் வேணும். அந்த ஒரு உண்மையைச் சொன்னதாலதான் மிச்சத்தையும் நம்பினன். பில்லை எழுதித் தந்தார், நான் வாசிச்சுக்கூடப் பாக்காம மடிச்சு பொக்கெற்றுக்குள்ள வச்சிட்டன்.

முதல் நாள் இரவே கேம் தொடங்கிப் பத்து நிமிசத்தில மெசின் பட்டெண்டு நிண்டுட்டுது. திருப்பிப் போட்டா ஓடும், பேந்தும் நிக்கும். மூண்டாம் நாள் கடைக்குக் கொண்டு போனா விண்டோஸ் பிழை, போர்மட் அடியுங்கோ எண்டார். அடிச்சம். அதே கதைதான்.

பிறகு என்னோட வேலை செய்யிற அண்ணை ஒருத்தர் வெள்ளவத்தைக்கு வீட்டை வந்தவர். வந்தவர் மெசினைப் போடவே இல்லை, பவர் சப்ளையைக் கழட்டிக் கையில தூக்கிப் பாத்திட்டு, "இதுக்குள்ள ஒண்டும் இல்லையடா" எண்டார். வெறும் டப்பா மாதிரி பாரமே இல்லை. பக்கத்தில ஒட்டின லேபலில 750 எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு, அதுக்குக் கீழ சின்னக் கட்டங்களுக்குள்ள +12 வோல்ட் எண்ட இடத்தில 16 அம்பியர் எண்டு போட்டிருக்கு. விஜிஏயும் சிபியுவும் கரண்ட் எடுக்கிறது கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ட்டிலதான். 12ஐ 16ஆல பெருக்கினா 192 வோட்ஸ். ஆர்எக்ஸ் 580க்கு மட்டும் அதைச் செய்யிற ஏஎம்டி கொம்பனி சொல்லுற கணக்கு 185 வோட்ஸ், தம்பிட சிபியுவுக்கு இன்னொரு 65, நிக்காம என்ன செய்யும்? கதவைச் சாத்திக்கொண்டு இரவிரவா அந்தப் பிள்ளை விளையாடுற அறைக்குள்ள இப்பிடி ஒண்டை வச்சிருந்தனே எண்டு நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது.

பேந்து அவர் தன்ட சப்ளையைக் கொண்டுவந்து போட்டு கார்ட்டின்ட உள் விபரம் காட்டுற ஜிபியு-இசட் எண்ட சொப்ட்வெயாரைத் திறந்தார், அது காசில்லாமலே டவுன்லோட் பண்ணலாம். அதில ஷேடர்ஸ் (கார்ட்டுக்குள்ள படத்தைக் கணக்குப் போடுற சின்னச் சின்ன பகுதிகள்) எண்ட இடத்தில 2048. 2017இல வந்த உண்மையான 580க்கு அது 2304 இருக்கோணும். 2048 எண்டது அதுக்குக் கீழ உள்ள ஆர்எக்ஸ் 570ட கணக்கு. 2018இல சீனச் சந்தைக்கெண்டு 580 2048எஸ்பி எண்டு ஒண்டு விட்டவை, பேர் 580, உள்ளுக்க 570 மாதிரித்தான். அதை அதெண்டு சொல்லி அதுக்குரிய விலைக்கு வித்தா ஒரு பிழையும் இல்லை. எனக்கு 580 விலைக்கெல்லோ தந்தவர். கார்ட்டின்ட கரையில தேர்மல் பேட்டால (சூட்டைக் கடத்துற மெத்தை மாதிரியான துண்டு) எண்ணெய் கசிஞ்சு அதில தூசி அப்பியும் கிடந்தது. 2022 செப்டெம்பரில எதீரியம் எண்ட கிரிப்டோ காசின்ட மைனிங் நிண்ட பிறகு அடிச்சு ஓட்டின கார்ட் கனக்க யூஸ்ட் மார்க்கட்டுக்கு வந்தது, இது அதில ஒண்டெண்டு என்னால அடிச்சுச் சொல்லேலாது, ஆனா வீட்டில கேம் விளையாடின கார்ட் எண்டு இனி நம்பவும் ஏலாது.

திருப்பிக் குடுக்கப் போனா, "580தானே கேட்டீங்கள், 580தானே தந்தனான்" எண்டு அந்தாள் முகத்துக்கு நேர சொன்னார். அப்பதான் பில்லை விரிச்சுப் பாத்தன். விஜிஏ 8ஜிபி 1, பவர் 1. அவ்வளவும்தான். மொடலும் இல்லை, நம்பரும் இல்லை, வொறன்ரி எத்தினை மாசம் எண்டும் இல்லை.

தயவுசெய்து கடையிலயே போட்டுக் காட்டச் சொல்லுங்கோ, ஜிபியு-இசட்டைத் திறந்து ஷேடர்ஸ் நம்பரை உங்கட போனில தேடிச் சரி பாருங்கோ, ஒரு இருபது நிமிசமாவது கேம் ஓட விட்டுப் பாருங்கோ, மாட்டன் எண்டா வெளிக்கிட்டு வாங்கோ. பவர் சப்ளையில 12 வோல்ட் அம்பியரைப் பெருக்கிப் பாக்காம வாங்கவே வேண்டாம். கார்ட்டின்ட முழுப் பேரையும் சீரியல் நம்பரையும் வொறன்ரியையும் பில்லில எழுதின பிறகுதான் காசு குடுங்கோ.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பரில கதைக்கலாம், ஆனா சாமான் வாங்கி 3 மாசத்துக்குள்ள முறைப்பாட்டை எழுத்தில குடுக்கோணும். நான் லேபல், ஜிபியு-இசட் படங்கள், அந்தப் பில், விளம்பரத்தின்ட ஸ்கிரீன்ஷொட் எல்லாம் சேர்த்துக் கடிதம் எழுதிட்டன், திங்கட்கிழமை கொண்டுபோய்க் குடுக்கிறன். விளம்பரத்தில 580 எண்டு தெளிவாக் கிடக்கு, நல்ல காலம் அதை அழிக்க முதல் எடுத்து வச்சிட்டன்.