சாங்கர் ரிசல்ட்டும் பிளாஸ்மிடும்: சிறிய லேபுக்கு எந்த சாஃப்ட்வேர்?

பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் வளரும் வட்ட டிஎன்ஏவில்) ஜீனை ஏற்றி, சாங்கர் சீக்வென்சிங்கில் (டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறையில்) சரிபார்க்கும் லேபுக்கு சாஃப்ட்வேர் தேடுகிறீர்களா? விலை கேட்கும் முன் ஒன்றைப் பாருங்கள். சீக்வென்சிங் கருவி தரும் ஏபி1 ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய பீக்குகளோடு அலைன்மென்ட் (எதிர்பார்த்த வரிசையோடு ஒப்பீடு) காட்டுகிறதா? எழுத்துகள் மட்டும் உள்ள டெக்ஸ்ட் ஃபைலை நம்பி முடிவெடுக்கவே கூடாது. ஒரே இடத்தில் சி பீக்கும் டி பீக்கும் கிட்டத்தட்ட சம உயரத்தில் நின்றால் இரண்டு பாக்டீரியா காலனி கலந்திருக்கலாம். மனித மாதிரி என்றால் ஹெட்டரோசைகஸ் (தாய், தந்தையிடமிருந்து வந்த இரண்டு பிரதிகளும் அந்த இடத்தில் வேறுபடுவது) ஆக இருக்கலாம். டெக்ஸ்ட் ஃபைலில் அங்கே வெறும் ஒரு சி மட்டும் இருக்கலாம், சந்தேகமே வராது.

அடுத்தது டிரிம்மிங், அதாவது தரம் குறைந்த முனைகளை வெட்டுவது. சாங்கர் ரீடில் முதல் 30, 40 பேஸ்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) குழப்பமாகவே வரும். 700, 800ஐத் தாண்டினால் பீக்குகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டும். இவற்றை வெட்டாமல் அலைன் செய்தால் இரு முனைகளிலும் இல்லாத மியூட்டேஷன்கள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு பேஸின் தரத்தைச் சொல்லும் ஃப்ரெட் மதிப்பு 20 என்றால் நூறில் ஒரு பேஸ் தவறாக இருக்க வாய்ப்பு, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. எந்த மதிப்புக்குக் கீழே வெட்ட வேண்டும் என்ற எல்லையை நாமே குறிக்க முடிய வேண்டும். யூஜீன் என்ற சாஃப்ட்வேர் இதைச் செய்கிறது. ரெஃபரன்ஸையும் (எதிர்பார்க்கும் வரிசை) ஏபி1 ஃபைல்களையும் கொடுத்தால் தரம் குறைந்த முனைகளை வெட்டி, எதிர்த்திசையில் படித்த ரிவர்ஸ் ரீடைத் திருப்பி, பீக்குகளோடு அடுக்கித் தரும். இலவசம், நெட் வேண்டாம், லினக்ஸிலும் ஓடும். முகப்பு நெரிசலானது, புது மாணவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும்.

எந்த சாஃப்ட்வேரையும் சோதிக்க பியூசி19 என்ற பிளாஸ்மிட் போதும். நீளம் 2686 பேஸ். குறிப்பிட்ட எழுத்துவரிசையில் டிஎன்ஏவை வெட்டும் பிவியூ-2 என்சைமால் வெட்டச் சொல்லுங்கள். 2364, 322 என இரண்டு துண்டுகள் வர வேண்டும். மூன்று வந்தால் பிளாஸ்மிடை நேர்கோடாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் குற்றம் சாஃப்ட்வேருடையது அல்ல. எழுத்துகள் மட்டும் உள்ள ஃபாஸ்டா ஃபைலில் வட்டம் என்ற தகவலே கிடையாது, குறிப்புகளும் சேர்ந்த ஜென்பேங்க் ஃபைலில் உண்டு. வட்டமாக மாற்றும் அமைப்பு சட்டென்று கண்ணில் படுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குளோனிங் (ஜீனைப் பிளாஸ்மிடில் ஏற்றுவது) திட்டமிட ஸ்னாப்ஜீன் சாஃப்ட்வேருக்கு இணையாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. முக்கியக் காரணம் மெத்திலேஷன் (டிஎன்ஏ எழுத்தில் மெத்தில் குழு ஒட்டி என்சைமைத் தடுப்பது) எச்சரிக்கை. டிஎச்5ஆல்ஃபா என்ற ஈ.கோலை வகையில் வளர்த்த பிளாஸ்மிடை பிசிஎல்-1 என்சைம் வெட்டாது, ஏனென்றால் அதன் தளத்துக்குள்ளேயே அந்த பாக்டீரியாவின் டாம் மெத்திலேஸ் குறிவைக்கும் ஜிஏடிசி இருக்கிறது. எக்ஸ்பிஏ-1 இன்னும் ஏமாற்றும்: பக்கத்து எழுத்துகள் சேர்ந்து ஜிஏடிசி உருவாகும் தளங்களில் மட்டும் வெட்டாது. இது தெரியாமல் ஜெல்லைப் பார்த்து என்சைம் கெட்டுவிட்டது என்று புதிதாக ஆர்டர் போடும் லேப்கள் உண்டு. இலவச ஸ்னாப்ஜீன் வியூவரில் வரைபடமும் வெட்டுத்தளங்களும் பீக்குகளும் பார்க்கலாம். அலைன்மென்ட் போடவோ குளோனிங்கை ஒத்திகை பார்க்கவோ முடியாது. ஒரு கட்டண லைசென்ஸ் பொதுக் கணினியில், மற்ற எல்லோருக்கும் வியூவர் என்று வைத்துக்கொண்டால் சிறிய லேபுக்குப் பணம் மிஞ்சும்.

பெஞ்ச்லிங் பிரவுசரில் இயங்குவது, கல்வி நிறுவனத்தாருக்கு இலவசம், பலர் ஒரே ஃபைலில் வேலை செய்ய அருமை. ஆனால் நெட் போனால் வேலையும் நிற்கும். காப்புரிமைக்குப் போகும் சீக்வென்ஸை வெளியார் சர்வரில் வைக்க நிறுவனம் அனுமதிக்குமா என்று முன்பே கேளுங்கள். ஜீனியஸ் பிரைம் இரட்டைப் பீக்குகளைத் தானே தேடித் தரும், நெக்ஸ்ட் ஜென் (ஒரே நேரத்தில் ஏராளமான ரீடுகள் தரும் சீக்வென்சிங்) தரவையும் கையாளும். நூற்றுக்கணக்கான மாதிரிகள் வராத லேபுக்கு அந்தச் சந்தா அதிகம். வம்சாவளி மரம் மட்டும் போதும் என்றால் மெகா, இலவசம்.

வாங்கும் முன் குறிப்புகளும் பிரைமர்களும் (சீக்வென்சிங்கைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) உள்ள ஒரு ஃபைலை ஜென்பேங்காக எக்ஸ்போர்ட் செய்து வேறொரு சாஃப்ட்வேரில் திறந்து பாருங்கள். நிறங்கள் போனால் பரவாயில்லை, ஃபீச்சர்களின் (ஜீன் போன்ற குறிக்கப்பட்ட பகுதிகளின்) இடமும் திசையும் போகக் கூடாது. ஸ்னாப்ஜீனின் குளோனிங் வரலாறு அதன் சொந்த ஃபைலில்தான் தங்கும் என்பதால் இரண்டையும் சேமியுங்கள், ஏபி1 மூலத்தையும் சேர்த்து. பல லேப்கள் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த வெக்டர் என்டிஐ என்ற சாஃப்ட்வேரின் விற்பனையே நிறுத்தப்பட்டது. அப்போது ஜென்பேங்க் நகல் வைத்திருந்தவர்கள் நேராக அடுத்த சாஃப்ட்வேருக்குப் போக முடிந்தது.