ஸ்டீராய்டு சொட்டு, களிம்பு, ஸ்ப்ரே: கண்ணுக்கு எது, மூக்குக்கு எது, காதுக்கு எது?

மூக்கு அலர்ஜிக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால், "ஐயோ, ஸ்டீராய்டா?" என்று பலர் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. அதே வீட்டில், போன வருஷம் கண் சிவந்தபோது சீட்டு இல்லாமல் வாங்கிய டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டுச் சொட்டு பிரிட்ஜ் கதவில் நின்றுகொண்டிருக்கும். யாருக்குக் கண் அரித்தாலும் அதுதான். பயம் தவறான இடத்தில் இருக்கிறது. இந்த மூன்று உறுப்புகளில் ஸ்டீராய்டு வலியே தெரியாமல் நிரந்தரச் சேதம் செய்யக்கூடியது கண்ணில்தான். முறையாக அடித்த மூக்கு ஸ்ப்ரேதான் இருப்பதிலேயே ஆபத்து குறைந்தது. காதில் தொல்லை தருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு அல்ல, அதே பாட்டிலில் கூடவே வரும் மற்ற மருந்து.

கண்: சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நம் ஊரில் அதிகம் எழுதப்படுபவை ஐந்து: பிரெட்னிசோலோன் அசிட்டேட் 1%, டெக்ஸாமெத்தசோன் 0.1%, டைபுளூபிரெட்னேட் 0.05%, லோட்டிபிரெட்னால் 0.5%, புளூரோமெத்தலோன் 0.1%. எண் பெரிதாக இருந்தால் மருந்து வலுவானது என்று பொருள் இல்லை. 0.05% டைபுளூபிரெட்னேட்டை நாளுக்கு 4 முறை விட்டால், 1% பிரெட்னிசோலோனை 8 முறை விட்டதற்கு இணையாகக் கண்ணின் உள் அழற்சி அடங்கும். ஆனால் கண் அழுத்தத்தை வேகமாக ஏற்றுவதிலும் அது முன்னணியில் நிற்கும், குறிப்பாகக் குழந்தைகளிடம்.

பிரெட்னிசோலோன் அசிட்டேட் கருவிழியைத் தாண்டி நன்றாக உள்ளே போகும். அதனால்தான் கண்புரை அறுவைக்குப் பிறகும் யுவியைட்டிஸுக்கும் (கண்ணின் உள் அழற்சி) அதை எழுதுகிறார்கள். குறை ஒன்று: அது கரைசல் அல்ல, தூள் மிதக்கும் மருந்து. குலுக்காமல் விட்டால் முதல் வாரம் வெறும் தண்ணீர்தான் கண்ணுக்குப் போகும், அடியில் தங்கிய மருந்தெல்லாம் கடைசி வாரம் வரும். "விட்டும் குறையவில்லை" என்று வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குலுக்கினீர்களா என்பதுதான். டைபுளூபிரெட்னேட் பால்மம் என்பதால் குலுக்க வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட் தெளிந்த கரைசல், அதற்கும் தேவையில்லை.

புளூரோமெத்தலோனும் லோட்டிபிரெட்னாலும் வேறு வகை. முன்னது ஆழமாக ஊடுருவாது. பின்னது தன் வேலையை முடித்ததும் கண்ணுக்குள்ளேயே சிதைந்துபோகும்படி வடிவமைக்கப்பட்டது. கண்ணின் மேற்பரப்பு அலர்ஜிக்கு இவை போதும், அழுத்தம் ஏறும் வாய்ப்பும் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. உள் அழற்சிக்கு இவற்றை நம்பி நாள் கடத்துவதும் தப்பு.

அழுத்தம் ஏறுவது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வலுவான ஸ்டீராய்டுச் சொட்டை 4 முதல் 6 வாரம் விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறும். 100 பேரில் 5 பேர் அளவுக்கு முன்பு இருந்ததைவிட 15 மி.மீ.க்கும் மேல் கூடுதலாக எகிறும். இயல்பான அழுத்தமே 10 முதல் 21 மி.மீ. வரைதான். ஏற்கெனவே கிளௌகோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) உள்ளவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மைனஸ் பவர் மிக அதிகமானவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். கண் வலிக்காது, சிவக்காது. பக்கவாட்டுப் பார்வை மட்டும் மெல்லக் குறையும். சொட்டை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அழுத்தம் இறங்கிவிடும். அதற்குள் பார்வை நரம்பு இழந்தது திரும்பாது. 10 நாளைத் தாண்டும் எந்த ஸ்டீராய்டுச் சொட்டுக்கும் கண் அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

இதில் அதிகம் அடிபடுவது வெயில் காலத்தில் கண் அரித்துக் கசக்கும் பையன்கள். ஸ்டீராய்டு விட்டால் ஒரே நாளில் அரிப்பு போய்விடும், அதுதான் வினை. அடுத்த கோடையில் அம்மா அதே பெயரைச் சொல்லிக் கடையில் வாங்குவார். இங்கே முதல் தேர்வு ஸ்டீராய்டு இல்லாத அலர்ஜிச் சொட்டான 0.1% ஓலோபட்டடின், நாளுக்கு 2 முறை. முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும், ஆனால் அழுத்தத்தை ஏற்றாது. அதற்கும் அடங்காத கடுமையான அலர்ஜிக்கு சைக்ளோஸ்போரின் சொட்டு, டாக்ரோலிமஸ் களிம்பு என்று ஸ்டீராய்டு அல்லாத வழிகள் கண் மருத்துவரிடம் உண்டு. ஸ்டீராய்டு தேவைப்பட்டாலும் சில நாள் விட்டு, குறைத்து, இவற்றுக்கு மாறுவதுதான் முறை.

இன்னொரு ஆபத்து தொற்று. வயலில் நெல் தாளோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறியபின் சிவந்தால், அது பூஞ்சைப் புண்ணாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். அதன் மேல் ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு குறைந்து, புண் ஆழமாகும். ஹெர்ப்பிஸ் வைரஸால் வரும் புண்ணிலும் இதே கதை. 'ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருக்கிறதே' என்று டெக்ஸாமெத்தசோனுடன் குளோராம்பெனிகாலோ டோப்ராமைசினோ சேர்ந்த சொட்டை வாங்குவதில் பயனில்லை. அந்த ஆன்டிபயாட்டிக் பூஞ்சையையும் வைரஸையும் தொடாது. மெட்ராஸ் ஐக்கும் இது வேண்டாம். வைரஸ் தங்கும் நாள்தான் நீளும். பாக்டீரியாப் புண்ணில்கூட ஸ்டீராய்டு சேர்ப்பதால் மொத்தத்தில் பார்வை கூடவில்லை என்று 500 பேரிடம் நடந்து 2012இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அந்த ஆய்விலும் 48 மணி நேரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகுதான் ஸ்டீராய்டைத் தொடங்கினார்கள். மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம், வலி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, லென்ஸ் போடுகிறவருக்குச் சிவப்பு: இதில் எது இருந்தாலும் கடைச் சொட்டு கூடாது.

சொட்டா, களிம்பா?

களிம்பு கண்ணில் அதிக நேரம் தங்கும், பார்வையை மங்கலாக்கும். எனவே இரவுக்குக் களிம்பு, பகலுக்குச் சொட்டு. கீழ் இமையை இழுத்து உள்பக்கம் அரிசி அளவு, அதிகபட்சம் 1 செ.மீ. போதும். இரண்டும் இருந்தால் சொட்டு முதலில், 10 நிமிடம் கழித்துக் களிம்பு. வரிசையை மாற்றினால் எண்ணெய்ப் படலத்தில் சொட்டு வழுக்கி ஓடிவிடும்.

சொட்டில் ஒன்றே போதும். ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலிட்டர், கண் தாங்குவது ஏறக்குறைய 30. இரண்டாவது துளி கன்னத்துக்குத்தான் போகும். விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரக் கண் முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போவது குறையும். வேறு சொட்டு இருந்தால் 5 நிமிட இடைவெளி. பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. திறந்த தேதியை லேபிளில் எழுதிவையுங்கள், ஒரு மாதத்தில் தூக்கி எறியுங்கள்.

அறுவைக்குப் பிறகு தரும் சொட்டை 4 முதல் 6 வாரத்தில் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள். கண் தெளிவாகிவிட்டது என்று பாதியில் விட்டால் அழற்சி திரும்பி வரும். பழைய பாட்டிலில் மிச்சத்தைத் தொடர்வது எப்படித் தப்போ, சொன்ன நாளுக்கு முன் நிறுத்துவதும் அப்படியே.

தோலுக்குத் தரும் பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு கிரீமை இமையில் தடவுகிறவர்களும் உண்டு. இமைத் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் தடவினால் அதிலிருந்தும் கண் அழுத்தம் ஏறும்.

மூக்கு: உடனே திறப்பதும் உண்மையில் சரிசெய்வதும்

அடைத்த மூக்குக்கு மூன்று போட்டியாளர்கள். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டுகள் சில நிமிடங்களில் திறக்கும். 3 முதல் 5 நாளைத் தாண்டினால் நிறுத்தும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைக்கும், பிறகு அது இல்லாமல் தூக்கமே வராது. இவை ஸ்டீராய்டு அல்ல. ஆனாலும் அடிமைப்படுத்துவது இவைதான், பழி மட்டும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கு.

புளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள் மெதுவாக வேலை செய்யும். முழுப் பலனுக்கு 1 முதல் 2 வாரம் ஆகும். மூன்று நாளில் 'பலனில்லை' என்று நிறுத்துவதுதான் பொதுவான தோல்வி. பெரியவர்களுக்கு ஒரு துவாரத்துக்கு 50 மைக்ரோகிராமில் 2 முறை, தினம் ஒரு வேளை. விழுங்கப்படும் பகுதியைக் கல்லீரல் ஏறக்குறைய முழுதும் அழித்துவிடுவதால் ரத்தத்தில் சேருவது 2 சதவீதத்துக்கும் கீழே. இன்னொரு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயான புடசோனைடில் அது பல மடங்கு கூடுதல். விதிவிலக்கு ஒன்று: ரிட்டோனவிர் போன்ற எச்ஐவி மருந்தோ பூஞ்சைக்கான இட்ராகோனசோலோ சாப்பிடுகிறவர் புளூட்டிகசோன் அடித்தால் கல்லீரல் அதை அழிக்க முடியாமல் உடலில் தேங்கும், முகம் வீங்கும். மருத்துவரிடம் அந்த மாத்திரைகளைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ரத்தம் வருகிறதென்றால் பெரும்பாலும் கைதான் காரணம். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. தலை லேசாகக் குனிந்து, முனை நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கக் காதைப் பார்க்க வேண்டும். மெதுவாக மூச்சிழுங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும்.

மூன்றாவது, பீட்டாமெத்தசோன் மூக்குச் சொட்டு. சதை வளர்ந்து ஸ்ப்ரே நுழையாத மூக்குக்குக் குறுகிய காலம் தரப்படுவது. கட்டிலில் மல்லாந்து தலையைப் பின்னால் தொங்கவிட்டு விட வேண்டும், நின்றபடி விட்டால் வீண். ரத்தத்தில் கணிசமாகச் சேரும் மருந்து இது. தொடர்ந்து விட்டுவந்தவர்களுக்கு உடல் வீக்கமும் குழந்தைகளுக்கு வளர்ச்சித் தடையும் வந்திருக்கின்றன.

காது

நீர் புகுந்து அரித்து வலிக்கும் வெளிக்காதுக்கு அசிட்டிக் அமிலச் சொட்டைவிட ஸ்டீராய்டு கலந்த ஆன்டிபயாட்டிக் சொட்டு வேகமாகக் கேட்கும். எதோடு கலந்தது என்பதைப் பாருங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நியோமைசினும் ஜென்டமைசினும் உள்காதைப் பாதிக்கலாம். அங்கே சிப்ரோபிளாக்சசின், டெக்ஸாமெத்தசோன் கலவையே மேல். நியோமைசின் சிலருக்கு ஒவ்வாது. சொட்டு விட விட அரிப்பும் சிவப்பும் கூடினால் அதைச் சந்தேகியுங்கள். கறுப்புப் பொடியோ ஈரப் பஞ்சோ போல அழுக்கு தெரிந்தால் பூஞ்சை. ஸ்டீராய்டுச் சொட்டு அதை வளர்க்கும். ஈஎன்டியிடம் சுத்தம் செய்து, பூஞ்சை மருந்தான குளோட்ரிமசோல் விட்டால்தான் தீரும்.

பாட்டிலை உள்ளங்கையில் 2 நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள், குளிர்ந்த சொட்டு தலைசுற்ற வைக்கும். ஒருக்களித்துப் படுத்து, பெரியவருக்குக் காதுமடலை மேலும் பின்னும், சிறு குழந்தைக்குக் கீழும் பின்னும் இழுத்து விடுங்கள். காது வாயிலின் முன்மேட்டை நாலைந்து முறை அழுத்தி, 5 நிமிடம் அப்படியே இருங்கள். டாக்டர் எழுதினால் கண் சொட்டைக் காதில் விடலாம். காதுச் சொட்டு ஒருபோதும் கண்ணுக்கு ஆகாது.

சர்க்கரை உள்ள முதியவருக்கு இரவில் தூங்கவிடாத காது வலி இருந்தால் எந்தச் சொட்டையும் விட்டுப் பார்க்க வேண்டாம். அன்றே ஈஎன்டியிடம் போங்கள், தொற்று எலும்புக்குள் இறங்கியிருக்கலாம்.