"டிரைவ் போச்சு" என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

மோட்டார் ஓடும்போது ஒன்றும் இல்லை, நிறுத்தும்போது மட்டும் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஓவர்வோல்டேஜ் காட்டி ட்ரிப் ஆனது. சர்வீஸ்காரர் வந்தார், டிஸ்ப்ளேயைப் பார்த்தார், மீட்டரைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை, "உள்ளே போர்டு போச்சு சார், புதுசுதான்" என்றார். நானும் தலையாட்டினேன். புது டிரைவ் மாட்டினார், பணம் வாங்கிக்கொண்டு போனார், மறுநாளே அதே ட்ரிப்.

திரும்பக் கூப்பிட்டால், பிரேக் ரெசிஸ்டர் (நிறுத்தும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தைச் சூடாக எரித்துத் தீர்ப்பது) பத்தவில்லையாம், ஓம் குறைந்தால் நன்றாகப் பிடிக்குமாம். 75 ஓம் இருந்த இடத்தில் 30 ஓம் போட்டு வயரையும் புதிதாக இழுத்தார். ட்ரிப் நின்றது, எனக்கும் சந்தோஷம். இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் மோட்டார் சும்மா நிற்கிறது, ரெசிஸ்டர் செக்கச்செவேலென்று கொதிக்கிறது! 400 வோல்ட் சப்ளைக்கு டிசி பஸ் (டிரைவுக்குள் இருக்கும் டிசி லைன்) சுமார் 565 வோல்ட், பிரேக் போடும்போது அது 760 பக்கம் ஏறினால் சாப்பர் (ரெசிஸ்டரை பஸ்ஸோடு இணைக்கும் ஸ்விட்ச்) ஆன் ஆகும், அப்போது 75 ஓமில் 10 ஆம்பியர் போகும், 30 ஓமில் 25. குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று மேனுவலில் ஒரு வரி இருக்கிறது, அவர் பார்க்கவில்லை (நானும்தான்). 25 ஆம்பியர் தாங்காமல் சாப்பர் ஷார்ட் ஆகி, ரெசிஸ்டர் எந்நேரமும் பஸ்ஸோடு இணைந்தே நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஸ்டாப் பட்டனை அழுத்தி என்ன பயன், மெயினை இறக்கினால்தான் நின்றது. ரெசிஸ்டரில் இருக்கும் தெர்மல் ஸ்விட்ச், சூடு ஏறியதும் சப்ளை கான்டாக்டரை விழ வைத்து மின்சாரத்தைத் துண்டித்திருக்க வேண்டும், அதன் இரண்டு வயரையும் சுருட்டி டேப் ஒட்டி வைத்திருந்தார்.

கோபத்தில் அவர் கழற்றிப் போட்ட பழைய வயரை எடுத்து அளந்தேன். ஓபன், தொடர்பே இல்லை. வயர் முனையில் மாட்டும் லக்கைச் செம்பில் அழுத்தாமல் மேலே இன்சுலேஷனில் அழுத்தியிருக்கிறார்கள். முதலில் வந்த ட்ரிப்புக்குக் காரணம் அவ்வளவுதான்.

உங்களுக்கு இது வந்தால், சப்ளையை நிறுத்தி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, பஸ்ஸில் வோல்டேஜ் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு ரெசிஸ்டர் வயர் இரண்டையும் டிரைவ் டெர்மினலிலிருந்து கழற்றி, அந்த முனையிலேயே ஓம் பாருங்கள். ரெசிஸ்டர் பக்கம் அளந்தால் வயர் பழுது தெரியாது. கழற்றியபடியே எர்த்துக்கு மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வையுங்கள், டிரைவோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள். திரும்ப மாட்டும்போது டிசி பிளஸ்ஸுக்கும் பிரேக் டெர்மினலுக்கும் நடுவில்தான், பிரேக் டெர்மினலுக்குப் பதிலாக மைனஸில் மாட்டினால் ரெசிஸ்டர் எந்நேரமும் எரியும்.

'போர்டு போன' அந்தப் பழைய டிரைவைத்தான் 75 ஓமோடு திரும்ப மாட்டியிருக்கிறோம், ஓடிக்கொண்டிருக்கிறது.